கூரைக்குக் காவல்

வீட்டில் குடியிருப்போர் அன்றாடம் தொட்டும் துடைத்தும் பழகுகிற சுவருக்கும் தரைக்கும் வாய்க்கிற பராமரிப்பு, அவர்கள் தலைக்கு மேலே நின்று மழையையும் வெயிலையும் தாங்குகிற கூரைக்கு வாய்ப்பதில்லை என்பதை, கும்பகோணத்துத் தெருக்களிலும் காவிரிக்கரைக் கிராமங்களிலும் முதலில் தச்சனாகவும் பின்னர் கறையான், எலி முதலியவற்றைத் தடுக்கும் தொழிலாளனாகவும் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்த நான் உறுதியாகச் சொல்வேன். ஒழுகும்போதுதான் கூரையின் ஞாபகம் நமக்கு வருகிறது. ஒழுக்குக் கூடத்துத் தரையில் சொட்டுவதற்கு நெடுநாள் முன்பே மேலே ஓர் ஓடு விலகியிருக்கும். விலகிய இடத்தில் ஈரம் தங்கியிருக்கும். ஈரம் தங்கிய மரத்தைக் கறையான் கண்டுபிடித்திருக்கும். அது தின்று நெகிழ்த்திய இடுக்கின் வழியே எலியும் குடிபுகுந்திருக்கும். இந்த வரிசையை அறிந்துகொள்வதே இத்தொழிலின் சாரம் என்பதும், அறியாதவன் எத்தனை விஷத்தைத் தெளித்தாலும் வீண் என்பதும் நான் கண்ட அனுபவத்தின் முடிவு.

அறுபதுகளின் தொடக்கத்தில், பள்ளிப் படிப்பு முடிந்ததும், தச்சு வேலை பயில என் தாய்மாமனிடம் விடப்பட்டேன். அந்நாளில் எங்கள் பக்கத்தில் ஏழைகளின் வீடுகள் தென்னங்கீற்று வேய்ந்தவை. நடுத்தரக் குடும்பங்களின் வீடுகள் குயவர் வனைந்த நாட்டு ஓடு போட்டவை. சற்று வசதியுள்ளவர்களுடையவை சீமை ஓடு போட்டவை. மங்களூரில் பாசல் மிஷனைச் சேர்ந்த ஜெர்மானியப் பாதிரிமார் 1865-இல் தொடங்கிய தொழிற்சாலையிலிருந்து அந்தச் சீமை ஓடு தென்னாடெங்கும் பரவியிருந்தது. தேக்கு உத்தரங்களின் மேல் செங்கல்லைச் சாய்வாட்டமாகக் குத்தி நிறுத்தி, சுண்ணாம்புக் கலவையால் இறுக்கி, மேலே தட்டோடு பதித்த மெத்தை வீடுகள் பெரிய தெருக்களில் மட்டும் இருந்தன. ஒவ்வொரு வகைக் கூரைக்கும் அதற்கே உரிய நோய் உண்டு. அந்நோயை வைத்தியன் நாடி பார்ப்பதுபோல் மேலே ஏறித் தொட்டுப் பார்த்துத்தான் அறிய வேண்டும் என்பது என் மாமாவின் கொள்கை.

அவர் எந்த வீட்டுக்குப் போனாலும் எடுத்த எடுப்பில் ஏணி கேட்கமாட்டார். தெருவில் தள்ளி நின்று முகட்டு வரிசை நேராக ஓடுகிறதா, எங்காவது தாழ்ந்திருக்கிறதா என்று பார்ப்பார்; பிறகு வீட்டைச் சுற்றி வந்து, எந்த மரத்தின் கிளை ஓட்டைத் தொடுகிறது, எந்தச் சுவரில் பாசி படிந்திருக்கிறது என்று கவனிப்பார்; அதன் பின்னரே ஏறி, இறவாணத்தில் தொடங்கி, இரண்டு சாய்வுகள் கூடுகிற கூடல்வாயைப் பார்த்து, முகட்டை அடைந்து, இறுதியாக வீட்டின் உள்ளே பரணில் நுழைந்து, உத்தரத்தின் முனை சுவருக்குள் புதைந்திருக்கிற இடத்தில் வந்து நிற்பார். “தண்ணி எங்கே போவுதுன்னு முதல்லே பாருடா, பூச்சி தானா ஆப்புடும்” என்று அவர் சொன்னது, அவ்வயதில் எனக்கு ஒரு பேச்சாகவே பட்டது, பின்னாளில் நான் கற்ற எல்லாவற்றுக்கும் அதுவே ஆதாரமாயிற்று.

அவருடைய கருவிகள் ஒரு சிறிய சுத்தியும் ஒரு கோணி ஊசியும் ஆகும். சுத்தியின் பிடியால் கைமரத்தைத் தட்டினால், நல்ல மரம் கணீரென்றும் உள்ளே அரிக்கப்பட்ட மரம் மந்தமாகவும் ஒலிக்கும். சந்தேகம் எழுந்த இடத்தில் ஊசியை அழுத்தினால், வைரம் பாய்ந்த பகுதி அதை ஏற்காது, கெட்ட பகுதியோ எதிர்ப்பின்றி உள்ளே விட்டுவிடும். மரத்தின் கீழே உதிர்ந்து கிடக்கும் பொடியைக் கொண்டு எதிரியை இனம் பிரிக்கும் வித்தையையும் அவரிடமே கற்றேன். விரலிடையில் தேய்த்தால் நெருடாமல் மாவாகப் படிகிற பொடி, மரத்தின் வெளிறுப் பகுதியையும் மூங்கிலையும் துளைக்கிற சிறு வண்டின் வேலை. கசகசாவை ஒத்த சிறு மணிகளாக நெருடுகிற பொடி, மண்ணின் தொடர்பே இல்லாமல் காய்ந்த மரத்துக்குள்ளேயே குடும்பம் நடத்துகிற ஒரு ஜாதிக் கறையானின் எச்சம்; ஒவ்வொரு மணியையும் பூதக்கண்ணாடியில் பார்த்தால் ஆறு பட்டைகள் தெரியும். மூன்றாவதும் மிகச் சாதாரணமானதுமான கறையானோ பொடி எதையும் உதிர்க்காது. மண்ணிலிருந்து புறப்பட்டு, வெளிச்சமும் வறட்சியும் தன்மேல் படாதபடி மண்ணால் குழாய் கட்டிக்கொண்டு, சுவரேறி உத்தரத்தை அடையும். இந்த மூன்றுக்கும் மூன்று விதமான நிவாரணம். தரையில் மருந்து ஊற்றினால் மூன்றாவதுக்குப் பயன் உண்டு. முதலிரண்டும் அதை அறியவே மாட்டா. இதை அறியாமல் தரையெங்கும் துளையிட்டு மருந்து ஊற்றிக் காசு வாங்கிப் போனவர்களுக்குப் பின்னால், அதே உத்தரத்தைக் காப்பாற்ற நான் பலமுறை அழைக்கப்பட்டிருக்கிறேன்.

அக்காலத்தில் கோடைதோறும், பங்குனி சித்திரை வாக்கில், நாட்டு ஓட்டு வீடுகளில் ஓடு மாற்றும் சம்பிரதாயம் ஒன்று இருந்தது. ஓடுகளைப் பகுதி பகுதியாகப் பிரித்து இறக்கி, உடைந்தவற்றைக் கழித்து, குருவிக்கூட்டு வைக்கோலையும் எலி சேர்த்த குப்பையையும் வாரிக் கொட்டி, சட்டங்களைத் துடைத்து, கெட்டவற்றை மாற்றி, மீண்டும் மேய்வார்கள். மழைக்கு முன் ஒழுக்கை நிறுத்துவதே அதன் நோக்கம் என்று வீட்டுக்காரர்கள் எண்ணினார்கள். உண்மையில், ஆண்டுக்கு ஒருமுறை கூரையின் ஒவ்வொரு மூலையையும் ஒரு மனிதனின் கண் பார்த்துவிடுகிறது என்பதும், அந்தரங்கமாகப் பெருகிய ஜந்துக்கள் யாவும் வெயிலில் அம்பலப்பட்டுவிடுகின்றன என்பதும்தான் அதன் பெரும் பலன்.

மரத்தைத் தேர்ந்தெடுப்பதிலும் அத்தகைய முன்யோசனை இருந்தது. பனஞ்சட்டம் எடுப்பவர்கள் முதிர்ந்த பனையின் கரிய வெளிப்புறத்தை மட்டும் வைத்துக்கொண்டு, சோறான உட்பகுதியைச் சீவி எறிவார்கள். பச்சை மூங்கிலை வெட்டியதும் குளத்தில் ஊறப்போட்டு, வண்டை ஈர்க்கிற மாச்சத்து தண்ணீரில் கரைந்த பிறகே கூரைக்குக் கொண்டுவருவார்கள். சுவருக்குள் புதைகிற முனைகளுக்கு முந்திரிக்கொட்டை எண்ணெயைப் பூசுவார்கள். இவற்றோடு அடுப்புப் புகையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். விறகடுப்பின் புகை ஓட்டிடுக்குகளின் வழியே நாள்தோறும் வெளியேறி, சட்டங்களில் கரியாகப் படிந்து, பூச்சிகளை அண்டவிடாமல் செய்தது. அடுக்களையின் மேற்கூரை மற்றப் பகுதிகளைவிட நீடித்திருந்ததை நானே கண்டிருக்கிறேன். எரிவாயு அடுப்பு வந்தபின் அந்தக் காவல் போயிற்று. பெண்களின் கண்ணையும் நுரையீரலையும் வாட்டிய அந்தப் புகை ஒழிந்தது நன்மையே; ஆனால் புகை செய்துவந்த வேலையை இனி மனிதன் ஏறிப் பார்த்துச் செய்தாக வேண்டும் என்பதை யாரும் வீட்டுக்காரர்களுக்குச் சொல்லவில்லை.

விஷத்தின் யுகம் எங்கள் ஊருக்கு மலேரியா ஒழிப்பின் வழியாக வந்தது. அரசாங்கம் 1953-இல் தொடங்கி 1958-இல் விரிவுபடுத்திய அத்திட்டத்தில், டி.டி.டி. தெளிக்கும் ஆட்கள் பம்புகளுடன் வந்து, வீட்டு உட்சுவர்களிலும் மாட்டுக் கொட்டகைகளிலும் வெள்ளையாக அடித்துவிட்டு, கதவோரச் சுவரில் தேதி எழுதிப் போவதைச் சிறுவனாக இருந்தபோது பார்த்திருக்கிறேன். கொசு குறைந்தது, காய்ச்சல் குறைந்தது, அது மகத்தான உபகாரம் என்பதில் ஐயமில்லை. ஆனால் அதனோடு கூடவே, எந்த ஜந்துவையும் ஒரு தெளிப்பில் தீர்த்துவிடலாம் என்ற நம்பிக்கையும் ஜனங்களின் மனத்தில் வேரூன்றிவிட்டது. முதலில் செத்து விழுந்த மூட்டைப்பூச்சி சில ஆண்டுகளில் அதே மருந்துக்கு அசையாமல் நின்றதைக் கண்ட பின்னும் அந்த நம்பிக்கை தளரவில்லை.

பின்னர் ஆல்ட்ரின், குளோர்டேன், ஹெப்டாகுளோர் என்று கறையானுக்கான மருந்துகள் கடைக்கு வந்தன. தண்ணீரில் கலந்தால் பால்நிறமாகும் அந்தக் கரைசலைச் சுவரோரம் ஊற்றினால் ஆண்டுக்கணக்கில் மண்ணில் அழியாமல் நிற்கும் என்பதே அவற்றின் புகழாக இருந்தது. அழியாமல் நிற்பதுதான் அவற்றின் ஆபத்து என்பது பிறகு விளங்கியது. எங்கள் தெருக்களில் கொல்லைக் கிணறு சுவரிலிருந்து சில அடி தூரத்திலேயே இருக்கும். அந்தத் தண்ணீரைத்தான் வீடு முழுவதும் குடிக்கும். நம் நாட்டில் 1996-இல் அம்மூன்றும் தடை செய்யப்பட்டபோது தொழிலில் பலர் வருந்தினார்கள், நான் நிம்மதியடைந்தேன். இன்று சுவரும் தரையும் கூடும் இடத்தில், ஓரடி இடைவெளியில், அரை அங்குலத் துளைகளிட்டு மருந்து செலுத்துகிற முறையை நானும் கையாள்கிறேன்; ஆனால் கிணறு எங்கே, மண் எத்தகையது, கறையான் உண்மையில் கீழிருந்துதான் வருகிறதா என்று பார்க்காமல் ஒரு துளையும் இடுவதில்லை.

அந்தக் கேள்வி எத்தனை முக்கியமானது என்பதை ஓர் அக்கிரகாரத்து வீட்டில் கண்டேன். பல தலைமுறை கண்ட நான்கு கட்டு வீடு அது. கூடத்து உத்தரத்தில் கறையான் விழுந்து, வீட்டுக்காரர் இரண்டு முறை பெரும் பொருள் செலவிட்டுத் தரையெங்கும் மருந்து ஊற்றச் செய்திருந்தார். அப்படியும் மண்குழாய் மீண்டும் மீண்டும் தோன்றியது. நான் சென்று பார்த்தபோது, சுவரின் அடிப்பகுதியில் குழாயின் அடையாளமே இல்லாமல், உத்தரத்தின் முனையருகே மட்டும் புதிய மண் தெரிந்தது. அதற்கு நேர்மேலே முற்றத்துக் கூடல்வாயில் பதித்திருந்த துத்தநாகத் தகடு துருவேறி ஓட்டையாகி, மழைநீர் சுவரின் தலைக்குள் இறங்கி, அங்கே வறளாத ஈரம் நிலைத்திருந்தது. கறையான் மண்ணுக்குத் திரும்புவது ஈரத்துக்காகவே. அந்த ஈரம் மேலேயே கிடைத்தபோது, அது சுவருக்குள்ளேயே கூடு கட்டிக்கொண்டது. கீழே ஊற்றிய மருந்துக்கும் அதற்கும் எவ்விதச் சம்பந்தமும் இல்லை. கூட்டைப் பெயர்த்தெடுத்து, தகட்டை மாற்றி, சுவரைக் கோடை முழுதும் உலரவிட்டு, உத்தரத்தின் கெட்ட முனையை வெட்டி நீக்கி, சுவருக்குள் புதைக்காமல் சுற்றிலும் காற்றோடும்படி ஒரு கல் தாங்கியின்மேல் அமர்த்தினோம். அடுத்த ஐப்பசி மழை முழுவதும் கழிந்தும் அங்கே ஒரு துளி மண் ஏறவில்லை. அந்த வேலையில் விஷத்துக்கென்று செலவானது மிகச் சொற்பம்.

எலியின் விஷயம் கறையானினும் கடினமானது, ஏனெனில் அதற்குப் புத்தி உண்டு. தை மாத அறுவடை முடிந்து வைக்கோல் வீட்டுக்கு வருகிற காலத்தில் எங்கள் பக்கத்துப் பரண்களில் அதன் நடமாட்டம் மிகும். கூரையில் வாழும் எலி மெலிந்த உடலும் நீண்ட வாலும் உடையது. கம்பியின்மேல் ஓடும், கிளையிலிருந்து தாவும், தலை நுழைகிற அரை அங்குல இடுக்கிலும் உடலை நுழைத்துவிடும். சுண்டெலிக்குக் கால் அங்குலமே போதும். அதன் பற்கள் ஓயாமல் வளர்வதால் எதையாவது கொறித்தே ஆக வேண்டும். அந்த எதுவோ மின்சாரக் கம்பியாக அமைந்துவிட்டால் வீட்டுக்கே தீ மூளும்.

ஓர் அரிசி வியாபாரியின் வீட்டில், எத்தனை பொறி வைத்தும் எலி குறையவில்லை என்று என்னை அழைத்தார்கள். நான் பொறியைத் தொடாமல், மாலையில் பரண் நெடுக அடுப்புச் சாம்பலைச் சலித்துத் தூவச் செய்தேன். மறுநாள் காலையில் காலடித் தடங்கள் யாவும் இறவாணத்தின் ஒரு மூலையையே காட்டின. அங்கே சட்டத்தின் விளிம்பு, எலியின் உடலெண்ணெய் பட்டுப் பட்டுக் கறுத்து வழுவழுத்திருந்தது. அதற்கு வெளியே, கொல்லைத் தென்னையின் மட்டை ஓட்டின்மேல் படுத்திருந்தது. மட்டையை வெட்டி, மரத்தில் ஆள் உயரத்துக்கு மேலே ஒன்றரை அடி அகலத் தகட்டை வழுக்கும்படி சுற்றி அடித்து, சுவர்த் துவாரங்களைக் கண்ணாடிச் சில்லு கலந்த காரையால் அடைத்து, இறவாணத்து இடைவெளிகளில் கால் அங்குலக் கண்ணுள்ள கம்பிவலையைத் தைத்தோம். உள்ளே எஞ்சியவற்றுக்குத்தான் பொறி. எலி புதிய பொருளைக் கண்டால் அஞ்சி விலகும் சுபாவமுடையதாதலால், சில இரவுகள் பொறியை மாட்டாமலே சுட்ட தேங்காய்ச் சில்லை அதில் வைத்துத் தின்னப் பழக்கிவிட்டு, அச்சம் தெளிந்த பிறகு மாட்ட வேண்டும். இத்தனை பொறுமை இல்லாதவர்களே விஷத்தை நாடுகிறார்கள். விஷம் தின்ற எலி, மூடிய கூரைக்குள் கைக்கு எட்டாத இடத்தில் செத்து, வீட்டையே குடியிருக்க முடியாமல் செய்யும்; அதுகூடச் சிறிய தீங்கே. குழந்தைகள் உள்ள வீட்டில் மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலிப்பசையை வைப்பதை நான் என்றும் அனுமதித்ததில்லை. வயிற்றில் போய்விட்டால் ஈரலை அழிக்கிற அந்தப் பாஷாணத்துக்கு மாற்று மருந்து இல்லை என்பதைத் தமிழ்நாட்டுத் தாய்மார் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும்.

கூரையில் தங்குகிற பிராணிகள் எல்லாம் பகையல்ல என்பதையும் இத்தொழில் எனக்குக் கற்பித்தது. தனியே வசித்த மூதாட்டி ஒருவர், “ஆசாரி, ராத்திரியானா மேலே யாரோ நடக்கறாங்க; நான் இந்த வீட்டை விட்டுப் போயிடலாம்னு இருக்கேன்” என்று என்னிடம் சொன்னார். “பெரியம்மா, கொஞ்சம் பொறுங்க, பார்த்துச் சொல்றேன்” என்று மேலே ஏறினேன். சீமை ஓட்டின்மேல் ஒரே இடத்தில் பழக்கொட்டைகள் நிறைந்த எச்சம் குவிந்திருந்தது. பரணின் மூலையில் மரநாய் ஒன்று குட்டிகளுடன் படுத்திருந்தது. அயலார் கம்பு எடுத்து வந்தார்கள். அது பழமும் எலியும் தின்று பிழைக்கிற சாதுவான பிராணி என்றும், 1972-ஆம் ஆண்டு வனஜீவிப் பாதுகாப்புச் சட்டம் அதைக் கொல்வதைத் தடுக்கிறது என்றும் எடுத்துச் சொல்லி, குட்டிகள் தாயோடு இரை தேடப் புறப்படுகிற பருவம்வரை காத்திருந்து, எல்லாம் வெளியேறிய ஓர் இரவில் விலகிய ஓட்டைச் சேர்த்து வழியை அடைத்தோம். அவசரப்பட்டுத் தாயை வெளியே விட்டு அடைத்திருந்தால், குட்டிகள் உள்ளே பட்டினியால் மடிந்திருக்கும். தாய் ஓட்டைப் பிரித்தெறிந்திருக்கும். சிறு வௌவாலுக்கும் இதே விதி: அந்தியில் அது இரை தேடிப் பறந்த பிறகு, குட்டி உள்ளே இல்லையென்று நிச்சயித்துக்கொண்டு, வெளியேறலாம் ஆனால் திரும்ப நுழைய முடியாதபடி வலையைத் தொங்கவிட வேண்டும். இரவெல்லாம் பூச்சி பிடித்துத் தின்னும் அந்த ஜந்துவைக் கொல்வதில் வீட்டுக்கு ஒரு லாபமும் இல்லை.

இப்போது ஓட்டு வீடுகள் அருகி, கான்கிரீட் தளங்கள் பெருகிவிட்டன. இனிக் கூரையைப் பற்றிய கவலை இல்லை என்று ஜனங்கள் எண்ணுகிறார்கள். ஆனால் மொட்டைமாடியின் நீர்வழியில் வேப்பஞ்சருகு அடைத்துக்கொண்டால் தளத்தில் தேங்குகிற நீர், ஓட்டு வீட்டின் கூடல்வாய் செய்த அதே தீங்கைச் செய்கிறது. நிரம்பி வழிகிற தண்ணீர்த் தொட்டி, கறையானுக்குச் சுவர் நெடுக ஈரம் அளிக்கிறது. அழகுக்காகத் தளத்தின் கீழே அமைக்கிற ஃபால்ஸ் சீலிங், யாரும் ஏற முடியாத ஒரு பரணை எலிக்குக் கட்டிக்கொடுக்கிறது. குளிர்சாதனக் குழாய்க்காகச் சுவரில் போட்ட துளையைச் சரியாக அடைக்காமல் விடுவது அதற்கு வாசலாகிறது. மூடி சரியில்லாத தொட்டியிலும் மாடியில் எறிந்த பழைய டயரிலும் டெங்குக் கொசு முட்டையிடுகிறது. அந்த முட்டை வறண்ட நிலையில் மாதக்கணக்கில் உயிரோடிருந்து, தண்ணீர் பட்டதும் பொரிந்து, ஏறத்தாழ ஒரு வாரத்தில் கொசுவாகிவிடும். எனவே இன்றைய கூரைப் பரிசோதனையில், தேங்கிய நீரைக் கவிழ்ப்பதும் தொட்டிக்கு வலை கட்டுவதும் பிரதானமான அங்கங்கள்.

இவற்றையெல்லாம்விட என்னை வருத்துவது பூட்டிய வீடுகள். பிள்ளைகள் சென்னையிலும் கடல்கடந்தும் வேலைக்குப் போய்விட, பெற்றோரின் காலத்துக்குப் பின் ஆண்டு முழுதும் திறக்கப்படாமல் நிற்கிற வீடுகள் எங்கள் தெருக்களில் பெருகிவிட்டன. கூரையில் ஓர் ஓடு விலகிப் பல மழைகள் ஆன பிறகு, உத்தரம் தொங்கிய நிலையில் என்னை அழைக்கிறார்கள். சாவியை அயல்வீட்டில் கொடுத்து, மழைக்காலத்தில் மாதம் ஒருமுறை உள்ளே சென்று அண்ணாந்து பார்க்கச் சொல்லியிருந்தால் அந்தத் தேக்கு இன்னும் இரண்டு தலைமுறைக்கு நின்றிருக்கும்.

ஆகையால் வீட்டுக்காரர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இது. ஐப்பசி மழைக்கு முன்னால் ஒருமுறையும், மழை ஓய்ந்து தை பிறந்த பின் ஒருமுறையும், கூரையை ஏறிப் பார்க்கத் தெரிந்த ஒருவரை அழையுங்கள். கூரையைத் தொடுகிற கிளைகளை மூன்றடி விலக்கி வெட்டுங்கள். முதல் மழைக்குப் பின் ஈசல் தெருவிளக்கில் மொய்த்தால் அது இயற்கை. உங்கள் வீட்டுச் சுவரிலிருந்தோ நிலைக்கதவிலிருந்தோ புறப்பட்டால் அன்றே ஆளனுப்புங்கள். வருகிறவர் முதலில் சதுர அடிக்கு எவ்வளவு என்று பேசினால் சற்று நிதானியுங்கள். தெருவில் நின்று முகட்டைப் பார்த்துவிட்டு ஏணி கேட்பவரானால் நம்பி வேலையைக் கொடுங்கள். அவர் ஏறி இறங்கி, “ஒன்றும் இல்லை” என்று சொன்னாலும், அந்த ஒரு சொல்லுக்காக முழுக்கூலியையும் மனமுவந்து கொடுங்கள். தெளிப்பதற்கே கூலி, பார்ப்பதற்குக் கூலியில்லை என்ற வழக்கம் ஏற்பட்டதனால்தான், பார்க்கத் தெரிந்தவர்கள் குறைந்து தெளிக்கத் தெரிந்தவர்கள் பெருகினார்கள். என்னிடம் இப்போது பயில்கிற இளைஞர்களுக்கு மருந்தின் அளவைக் கற்பிக்கும் முன் சுத்தியையும் ஊசியையும் கையில் கொடுக்கிறேன். அவர்கள் அந்தத் திறமையால் ஜீவனம் நடத்த முடியுமா என்பது, அவர்களை அழைக்கப்போகிற வீட்டுக்காரர்களின் கையில் இருக்கிறது.